ஹாரன் எந்தக் கட்சி?

"கம்ப்யூட்டர்ல தட்டறதெல்லாம் இசையாயிருமா? சிங்காரவேலரு ஒத்தப் புல்லாங்குழல்ல—"

"ஒத்தப் புல்லாங்குழலைக் கேட்டா எனக்குத் தூக்கந்தானுங்க வருது! ஜோ பிரதாப் பிஜிஎம் வந்தா தியேட்டர்ல சேரே—"

"ஆடும்! சேரு ஆடும்! மனசு ஆடோணுமுங்க, சேரு எதுக்கு ஆடோணும்?"

முன் சீட்டுப் பெரியவர் திரும்பாமலே கேட்டார். பின் சீட்டுக் குழந்தைசாமி பதிலுக்கு வாயைத் திறந்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி பாவாயி, வெற்றிலைத் தட்டுக்குக் கீழே கையை விட்டு அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தனபால் இதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டான். வண்டி இன்னும் பத்தாவது வளைவைக்கூடத் தாண்டவில்லை. மலையில் மொத்தம் எழுபது வளைவு.

தங்கச்சி அம்சவேணியின் மகள் சுமித்ராவைப் பெண் பார்க்க வருகிற கூட்டம் இது. போன தை மாசம் வந்தவர்கள் பாதி மலையிலேயே வாந்தி எடுத்து, "பொண்ணு எப்படியோ, இந்த ரோடு நமக்கு ஆகாது" என்று இறங்கிப் போய்விட்டார்கள். அதனால்தான் இந்த முறை, "நானே வண்டியில பூவாட்டம் கூட்டியாறேன்" என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டுத் தனபால் காரவள்ளிக்கு இறங்கியிருந்தான்.

அடிவாரத்தில் பூவும் பழமுமாகக் கூட்டம் நின்றது. பக்கத்திலேயே வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கக்கத்தில் பையுமாக ஒரு பெரியவர். தனபால் ஓடிப்போய் முன் கதவைத் திறந்துவிட்டான். "வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கறனுங்க." பெரியவர் ஏறி உட்கார்ந்ததும் குழந்தைசாமி, பாவாயி, மாப்பிள்ளை தமிழ்செல்வன் மூன்று பேரும் கைகூப்பிக் கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடிலேயே தனபாலுக்கு விளங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா குழந்தைசாமிதான் என்றாலும், கடைசி வார்த்தை சொல்லப்போவது முன் சீட்டுதான்.

நல்ல சகுனமாக இருக்கட்டும் என்று ஒரு பாட்டைப் போட்டான். வினை அங்கே ஆரம்பித்தது.

"ஏனுங்க பெரியவரே, ஆளுக்கொரு வளைவுங்க. ஒரு வளைவுக்கு உங்க சிங்காரவேலரு, அடுத்த வளைவுக்கு அவங்க ஜோ பிரதாப். சரிங்களா?" என்று சமாதானம் பேசினான் தனபால்.

"நல்ல ரோசனைதான்" என்றார் பெரியவர்.

தனபால் ஒரு கையால் ஸ்டியரிங்கை ஒடித்தான், மறு கையால் பாட்டை மாற்றினான். புல்லாங்குழல் வலது பக்கம் சாய்ந்தது, டிரம் இடது பக்கம் சாய்ந்தது. நாலு வளைவுகூட நிம்மதியாகப் போகவில்லை.

"ஏனுங்க டிரைவரு, அவருக்கு மட்டும் நீட்டு வளைவு, எங்காளுக்குக் குட்டை வளைவா?"

"ரோடு போட்டது நானில்லீங்களே!"

"எலுமிச்சம்பழம் இருக்குங்களா?" என்று மெலிந்த குரலில் கேட்டான் மாப்பிள்ளை. அவன் முகம் பச்சை வாழைக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

ஐயோ, போன தையைப் போலவே ஆகிவிடுமோ! தனபால் பாட்டைப் பட்டென்று அணைத்தான். "ஒயரு போயிருச்சுங்க."

வண்டிக்குள் சத்தமில்லை. காட்டுக்குள் ஏதோ ஒரு வண்டு மட்டும் கத்தியது. அப்பாடா என்று தனபால் மூச்சு விட்டான்.

பெரியவர் கண்களை மூடிக்கொண்டார். "ஆஹா. இதுதானுங்க சிங்காரவேலரு."

"எதுங்க?"

"இந்த அமைதி! ஒரு படத்துல மகன் செத்துட்டான்னு தகவல் வருது. ஆத்தாக்காரி அப்படியே நிக்கறா. அந்த இடத்துல ஒரு தந்தியைக்கூட மீட்டாம விட்டாரு பாருங்க. வேற எவனுக்கு வரும் அந்தத் தைரியம்?"

"சும்மா இருந்ததுக்கு எதுக்குங்க சம்பளம்?" என்றார் குழந்தைசாமி.

கிள்ளு. இந்த முறை "ஸ்ஸ்" என்ற சத்தம் தனபாலுக்கே கேட்டது. பாவாயி புருஷனின் காதில் சொன்னதும் கேட்டது. "ஏனுங்க, காரியம் முடியற வரைக்கும் வாயைக் கட்டுங்க. அந்தப் பெரிய மனுசன் மனசு கோணுச்சுன்னா அவ்வளவுதான்."

பாவம், சொந்தக் குடும்பமே இவருக்கு இப்படி நடுங்குகிறதே என்று தனபாலுக்கு இன்னும் பயம் கூடியது.

அடுத்த வளைவில் வழக்கம்போல ஹாரன் அடித்தான். பின்னால் குழந்தைசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேட்டீங்களா? பாம் பாபாம் பாம். அச்சு அசல் ஜோ பிரதாப்! டிரைவரு நம்ம கட்சி."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். அந்த உதறல்தான் தனபாலைக் கொன்றது. பாட்டை அணைத்தால் அவர் கட்சி, ஹாரன் அடித்தால் இவர் கட்சி. மனிதன் எப்படித்தான் வண்டி ஓட்டுவது? போகட்டும், ஒரே ஒரு வளைவு ஹாரன் இல்லாமல் திருப்பித்தான் பார்ப்போமே என்று வண்டியைத் திருப்பினான்.

எதிரே பஸ். முழு பஸ். இரண்டு வண்டியும் முட்ட ஒரு முழம் இருக்கையில் நின்றன. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஹாரன் என்ன, ஊட்டுல வெச்சுட்டு வந்துட்டியா?" என்று ஆரம்பித்துக் கேட்ட கேள்விகளைச் சம்பந்தி வீட்டார் முன்னால் கேட்டிருக்க வேண்டாம்.

"வண்டியைத் திருப்புங்க!" என்றார் குழந்தைசாமி. "உசுரு இருந்தாத்தானே கல்யாணம்?"

"இங்க திருப்ப எடமில்லீங்க! மேல போய்த்தான் திருப்போணும்!"

"எலுமிச்சம்பழம்…"

தனபால் ஒரு கணக்குப் போட்டான். எதையாவது சொல்லி முன் சீட்டைக் கையில் போட்டுக்கொண்டால் பின் சீட்டு தானாக வந்துவிடும். "பெரியவரே, ஒண்ணு சொல்ல மறந்துட்டனுங்க. எங்க சுமித்ரா இருக்குதே, அதுவும் சிங்காரவேலரு பைத்தியமுங்க. காலையில எந்திரிச்சா அவரு பாட்டுதான், படுத்தா அவரு பாட்டுதான்."

"அப்படியா!" பெரியவர் முகம் மலர்ந்தது. "இந்தக் காலத்துல அப்படி ஒரு புள்ளையா? பாக்கோணுமே."

வண்டி மேலே போனது. மீதி வளைவு முழுக்கப் பெரியவர் வாயாலேயே வயலின் வாசித்தார். பாவாயியின் கிள்ளுக்குப் பயந்து, குழந்தைசாமி தட்டின் விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்.

வாசலில் அம்சவேணி சொம்பில் தண்ணீரோடு நின்றாள். பெரியவர் இறங்கிப் பையை எடுத்துக்கொண்டு, "நான் எதுக்குங்க? நான் இப்படியே போயிக்கறனே" என்றார்.

"அதெப்படிங்க! நீங்க இல்லாமலா?"

தனபாலும் குழந்தைசாமியும் ஒரே குரலில் சொன்னார்கள். வழியெல்லாம் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள். ஆளுக்கொரு கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அம்சவேணி பலாச்சுளைத் தட்டை முதலில் அவரிடம் நீட்டினாள். பாவாயி தன் தட்டில் இருந்ததையும் அவர் பக்கம் தள்ளினாள். பெரியவர் மறுக்கவில்லை.

சுமித்ரா காப்பியோடு வந்தாள். முதல் டம்ளர் பெரியவருக்கு.

"கண்ணு, உனக்கு யாரு பாட்டு புடிக்கும்?"

தனபால் பெரியவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, விரல்களைக் குவித்து வாயில் வைத்துப் புல்லாங்குழல் வாசித்துக் காட்டினான். சுமித்ரா மாமனை ஏற இறங்கப் பார்த்தாள். மனதில் பட்டதைச் சொல்லிப் பழகிய பெண் அது.

"ஜோ பிரதாப் தானுங்க."

குழந்தைசாமி முகம் அரை நொடி பூத்தது. பாவாயி ஒரு பார்வை பார்த்தாள், வாடியது. கீழே ரோட்டில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். பையைக் கக்கத்தில் இடுக்கினார். எழுந்து விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார்.

"ஐயோ போச்சு!" அம்சவேணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

தனபால் பாய்ந்து வலது கையைப் பிடித்தான். "பெரியவரே, சின்னப் புள்ளைங்க, அறியாமச் சொல்லிப்போட்டா! நாளைக்கே மாத்திக்குவா!"

"யாரு மாத்திக்கறது?" என்றாள் சுமித்ரா.

குழந்தைசாமி இடது கையைப் பிடித்தார். "ஐயா, வழியில நான் பேசுனதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. ஜோ பிரதாப் ஒண்ணுமே இல்லீங்க. கம்ப்யூட்டர்ல… கம்ப்யூட்டர்ல தட்டறவருதானுங்க." சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் மாத்திக்கறனுங்க" என்றான் மாப்பிள்ளை, சுமித்ராவைப் பார்த்தபடி.

பஸ் மறுபடியும் ஹாரன் அடித்தது. இரண்டு கையும் மாட்டிக்கொண்ட பெரியவர் இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

"கையை விடுங்க சாமி, எங்கூரு பஸ்ஸு போயிரும்! காரவள்ளியில பஸ்ஸைத் தவற விட்டுட்டு நின்னவனை முன் சீட்டுல ஏத்தி, பலாச்சுளையெல்லாம் குடுத்து நல்லாத்தான் கவனிச்சீங்க. வழி நெடுகக் கேக்கோணும் கேக்கோணும்னே இருந்தேன்… நீங்கெல்லாம் யாருங்க?"