நாற்பத்தைந்தில் சுழல வேண்டிய தட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் திருமதி ஸ்டாஃபர் அவர்களுக்கு,

நம் ஹார்லன் ஃபால்ஸ் ஊரில் மேப்பிள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற தபால்காரன் டுவேன் ரப் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி மார்லீனும் நலம். தாங்களும் தங்கள் அலுவலகத்தார் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தங்கள் இசை விமர்சகர் கார்ட்டர் விட்டன் மட்டும் ஒரு வாரம் பல்வலியில் கிடந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மார்லீனின் அண்ணன் லைல் கூன்ட்ஸ், பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக். முப்பத்தைந்து வருடமாகப் பாட்டு எழுதுகிறான். அவன் எழுதுவது பவர் பாப். அதாவது, மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும், கித்தார் கலகலவென்று இருக்க வேண்டும், கோரஸில் கைதட்டல் விழ வேண்டும், கேட்கிறவன் கார் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கூடவே கத்த வேண்டும். அப்படிப்பட்ட பாட்டுகளை இருநூறுக்கு மேல் எழுதியிருக்கிறான். இந்த ஊரில் அவன் பாட்டைக் கேட்டவர்களைவிட அவன் பிரேக் சரிபார்த்த பேருந்துகள்தான் அதிகம். எங்கள் கச்சேரிக்கு வழக்கமாகப் பதினொரு பேர் வருவார்கள், அதில் நாலு பேர் சொந்தக்காரர்கள். முதல் நாளிலிருந்து டிரம்ஸ் வாசிப்பவன் நான்.

இந்த வருடம் ‘ஜன்னலை இறக்கு’ என்ற புது இசைத்தட்டை ஐநூறு பிரதி கொண்டுவந்தோம். பத்துப் பாட்டு. ஒலி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று லைல் பிடிவாதமாக நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று வேகத்தில் அச்சடிக்கச் சொன்னான். தட்டின் நடுவில் வருகிற லேபிளை வடிவமைத்தவன் நான். எங்கள் பழைய தட்டின் லேபிளையே மாதிரியாக வைத்து, தேவாலயத்துக் கணினியில் மூன்று வாரம் உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகச் செதுக்கினேன். பெட்டிகள் வந்து இறங்கிய அன்றே, லைல் வேலையிலிருந்து வருவதற்கு முன்பே, நானே பிரித்து இரண்டு தட்டுகளை எடுத்துக்கொண்டு போய் ஒன்றைத் தங்கள் அலுவலகத்திலும் இன்னொன்றைக் கல்லூரி வானொலியிலும் என் கையாலேயே கொடுத்தேன். அதற்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்!

தங்கள் கார்ட்டர் விட்டன் அந்தத் தட்டை முப்பத்து மூன்று சுற்று வேகத்தில் போட்டுக் கேட்டிருக்கிறார். ஒரு பாட்டல்ல, பத்துப் பாட்டையும்! கேட்டுவிட்டு அரைப்பக்கம் புகழ்ந்தும் தள்ளியிருக்கிறார். “கிணற்றடியிலிருந்து எழும் குரல்” என்கிறார். என் மச்சானுக்குப் பள்ளிக்கூடப் பையன் குரல், அம்மா! “மறைந்த டோனாவுக்கு ஒரு கிழவனின் ஒப்பாரி” என்கிறார். அது ஐஸ்கிரீம் கடை டோனாவைப் பற்றிய குதூகலப் பாட்டு. “சவப்பெட்டியில் ஆணி அறையும் கைதட்டல்கள்” என்கிறார். லைல் வீட்டுக் குளியலறையில் நாங்கள் நாலு பேர் தோளோடு தோள் இடித்துச் சிரித்துக்கொண்டே தட்டிய கைதட்டல் அது. என்னைப் பற்றியும் ஒரு வரி உண்டு: “டிரம்ஸ் வாசிப்பவர் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் தன் வயதை யோசித்துப் பார்க்கிறார்.” நான் எதையும் யோசிக்கவில்லை. அந்த வேகத்தில் யோசிக்க நேரம் கிடையாது!

இதோடு போயிற்றா? விமர்சனத்தைப் பார்த்துக் கல்லூரி வானொலியும் அதே ஆமை வேகத்தில் தினமும் ஒலிபரப்ப, ஊரே லைலுக்குத் துக்கம் என்று முடிவுகட்டிவிட்டது. நம் ஊர்க்காரர்கள் துக்க வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்று தங்களுக்குத் தெரியும். இரண்டே நாளில் அவன் வாசலில் அடுப்பில் சுட்ட கேசரோல் பதார்த்தத்தோடு ஏழு பாத்திரங்கள், பாத்திரம் திரும்பி வருவதற்காக ஒவ்வொன்றின் அடியிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதி. ஏழில் நாலு டூனா நூடுல்ஸ். அந்த நாலில் ஒன்றைக் கொண்டுவந்தவள் சாட்சாத் டோனா. வாசலில் நின்று, “யாருப்பா செத்தது? நான் பாட்டுக்கு வேலைக்குப் போயிட்டிருக்கேன்” என்றாள்.

அதையும் பொறுத்தேன். போன சனிக்கிழமை சாயங்காலம் முன்னாள் படைவீரர் மண்டபத்தில் எங்கள் கச்சேரியில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. தொண்ணூறு பேர்! பாதிப்பேர் கறுப்பு உடையில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எண்ணி, எப்போதும்போல வேகமாகவே ஆரம்பித்தேன். நாலு வரி போவதற்குள் முன்வரிசையில் ஒரு அம்மாள், “இது ரேடியோவுல வர்ற பாட்டு மாதிரியே இல்லியே” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். லைல் அவரைப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, உள்ளங்கையைத் தரையைப் பார்க்கப் பிடித்து, மெதுவாக இறக்கிக் காட்டினான். மெதுவாக வாசி என்று அர்த்தம்.

முப்பத்தைந்து வருடத்தில் ஒரு தடவைகூட அவன் அப்படிக் காட்டியதில்லை. தொண்ணூறு தலைகளைப் பார்த்ததும் தன் பாட்டின் கழுத்தைத் தானே நெரிக்கத் துணிந்துவிட்டான். நான் குச்சிகளை வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அவன் தனியாகக் கித்தாரோடு பத்துப் பாட்டையும் இழுத்து இழுத்துப் பாடினான். சிலர் அழுதார்களாம். வாகனம் நிறுத்துமிடத்தில் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏன்டா மச்சான், கைதட்டுறாங்கன்னா பாட்டையே வித்துடுவியா?”

“விடு டுவேன். ஜனங்க கேட்டாங்க, பாடினேன்.”

“அவங்க கேட்டது உன் பாட்டே இல்லடா!”

அவன் காரில் ஏறிப் போய்விட்டான். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. நாங்கள் பேசவில்லை. வாயைத் திறந்து சொல்கிறேன், எனக்கு அவனைத் தவிர வேறு சிநேகிதன் கிடையாது. அதைத் தங்கள் பத்திரிகை அரைப்பக்கத்தில் முடித்துவைத்துவிட்டது.

இத்தனைக்கும் வேகம் தட்டின் மேலேயே இருக்கிறது! நான் பார்த்துப் பார்த்து வடிவமைத்த லேபிளின் மேல், பழைய சாமான் விற்கிறவர்கள் விலை எழுதி ஒட்டுகிற ஆரஞ்சு நிற வட்ட ஸ்டிக்கரை ஒட்டி, அதில் கொட்டை எழுத்தில் 45 என்று எழுதிவைத்திருக்கிறான் லைல். அழகு கெட்டதே என்று எனக்கு வருத்தம்தான், ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். அதுகூடவா கார்ட்டர் விட்டனின் கண்ணில் படவில்லை? முப்பத்தோரு வருடம் தபால் கொடுத்தவன் நான். ஒரு வீட்டு எண்ணைக்கூடத் தப்பாகப் படித்ததில்லை. எண்ணைப் படிக்கத் தெரியாதவருக்கு விமர்சகர் வேலை எதற்கு?

ஆகவே, வரும் இதழின் முதல் பக்கத்தில் தாங்கள் வருத்தம் தெரிவிக்க வேண்டும். கார்ட்டர் விட்டன் நேரில் வந்து ஏழு கேசரோல் பாத்திரங்களையும் கழுவி உரியவர்களிடம் சேர்க்க வேண்டும். ஆதாரமாக லேபிளின் புகைப்படத்தை இணைத்துள்ளேன். தங்கள் பத்திரிகை நீடூழி வாழ்க. தங்கள் கணவரின் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும்.

கொதிப்புடன்,
டுவேன் ரப்

பி.கு.: இந்தத் தாள் உறைக்கு வெளியே ஒட்டப்பட்டிருப்பதற்கு மன்னிக்கவும். ஒட்டிய உறையைப் பிரிப்பது என் தொழிலுக்கு ஆகாது. புகைப்படம் உள்ளே இல்லை; உறையை ஒட்டிய பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. அதை எடுத்துத் தரச் சொல்லி மார்லீனிடம் தட்டை நீட்டினேன். அவள் ஆரஞ்சு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அடியில், நான் செதுக்கிய அழகான எழுத்தில், 33 என்று இருந்தது. பழைய தட்டிலிருந்து அப்படியே வந்திருக்கிறது.

“அண்ணன் அன்னைக்கு வேலை முடிஞ்சு வந்ததுமே பாத்துட்டான். ராத்திரி பகலா உக்காந்து நானூத்துத் தொண்ணூத்தெட்டு தட்டுக்கும் ஒட்டினான். நீ தூக்கிட்டு ஓடின ரெண்டுதான் தப்பிச்சுது” என்றாள்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ டிரம்ஸைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு முடங்கிடுவே. மேடையில அவன் வேகமா பாடியிருந்தா, ‘ரேடியோவுல ஏன் வேற மாதிரி வருது’ன்னு தொண்ணூறு பேரும் கேட்டிருப்பாங்க. உன்னைப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு அவன் என்னன்னு சொல்லுவான்?”

கார்ட்டர் விட்டன் லேபிளில் இருந்ததைத்தான் படித்திருக்கிறார். பல்வலியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பாத்திரங்களை நானே கழுவுகிறேன். உறைக்குள் இருப்பதைப் பிரசுரிக்க வேண்டாம், படிக்கவும் வேண்டாம். முடிந்தால் ஒரே ஒரு வரி போடுங்கள்: “லைல் கூன்ட்ஸின் தட்டை நாற்பத்தைந்தில் கேட்கவும். தவறு டிரம்ஸ்காரனுடையது.”

இதைத் தங்கள் பெட்டியில் போட்டுவிட்டு நேரே அவன் வீட்டுக்குத்தான் போகிறேன். ‘நீ எந்த வேகத்தில் சொன்னாலும் வாசிக்கிறேன்’ என்று அவனிடம் சொல்லப் போகிறேன்.