எறும்பானந்தரின் உற்பத்திப் பட்டியல்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அந்த வாரம் எந்த டீக்கடையில் நின்றாலும் எறும்புப் பேச்சுதான். ராஜமாணிக்கத்தின் உதிரிபாகத் தொழிற்சாலை வாசலில் வரிசையாகக் கார்கள். நாலைந்து கம்பெனி முதலாளிகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்கள். உள்ளே எறும்பானந்தர்! இயந்திரம் படுத்துவிட்டால் எந்த ஆர்டரை முன்னால் எடுப்பது, எதைத் தள்ளிவைப்பது என்று எறும்புகளைக் கேட்டுச் சொல்லும் மகான். லேப்டாப் பையோடு வந்த முதல் சாமியாரும் இவர்தான்.

புயல் மழையில் தண்ணீர் புகுந்து, தகடுகளை அழுத்தி உருவம் கொடுக்கும் பெரிய பிரஸ் நின்றுபோயிருந்தது. ஒன்பது ஆர்டர்கள் காத்துக் கிடந்தன. திட்டப் பிரிவில் வேலை பார்த்த சுகிர்தா இரண்டு நாள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் புதுப் பட்டியல் போட்டிருந்தாள். அதில் முதலிடம், சோழவரம் பக்கம் வெள்ளம் இறைக்கும் பம்புகளுக்கான தண்டுகளுக்கு. அதற்குப் பிரஸ்ஸே வேண்டாம், கடைசல் இயந்திரமான லேத்திலேயே முடிந்துவிடும். ராஜமாணிக்கம் அதைப் படிக்கவே இல்லை.

"ஏம்மா, ஃபாரின்ல கம்ப்யூட்டரே எறும்பப் பாத்துதான் கத்துக்குதாம். சாமி சொல்றாரு. நீ இன்னா பெருசா கணக்கு போட்டுட்ட?"

சுகிர்தாவுக்குச் சுருக்கென்றது. காரணம், அதில் பாதி உண்மை. எறும்புகள் நல்ல வழியில் வாசனை விட்டுப் போவதைப் பார்த்துதான் அந்தக் கணக்குமுறையைக் கண்டுபிடித்தார்கள். ஆயிரம் வரிசைகளைப் போட்டுப் பார்த்து, நல்லதைப் பிடித்துக்கொண்டு மட்டமானதை மறந்துவிடும் முறை. அவள் பட்டியலே அப்படிப் போட்டதுதான். ஆனால் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம், எந்த இயந்திரம் ஓடுகிறது என்று அதற்குச் சொல்லியாக வேண்டும். சாமியாரின் எறும்புகளுக்கு அதெல்லாம் தேவையில்லை. ஞானம் முற்றியவை!

எறும்பானந்தர் ஒரு தாம்பாளத்தில் ஒன்பது ஆர்டர் அட்டைகளை வட்டமாக அடுக்கினார். எட்டு அட்டைகளைச் சுண்டுவிரலால் தொட்டு ஆசீர்வதித்தார். ஒன்றை மட்டும் கட்டைவிரலால் அழுத்தினார். டப்பாவைத் திறந்து எறும்புகளை நடுவில் கவிழ்த்தார். அவை ஓடிப்போய் அந்த ஒன்றை மொய்த்தன. அலங்கார கேட் வியாபாரி ஒருவரின் ஆர்டர் அது. சாமியாரை அங்கே அழைத்து வந்த புண்ணியவானும் அவரேதான்.

"பம்பு தண்டு தூங்குற ஆர்டர், முதலாளி. இந்த மாசம் தொட்டா தோஷம். லேத் லைன மூடி வைய்யி."

மூடினார்கள். லேத் ஓட்டும் யேசுதாசும் கூட இருந்த பதினோரு ஒப்பந்தத் தொழிலாளர்களும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கேட்டுக்குப் பூ அச்சடிக்க வேண்டிய பெரிய பிரஸ்ஸோ நின்றேதான் கிடந்தது. ஆக, ஆலையில் வேலை பார்த்தவை எறும்புகள் மட்டும்தான்.

நான்காம் நாள் யேசுதாஸ் வாசலில் சுகிர்தாவை மடக்கினார்.

"சோழவரத்துல எங்க ஊட்டாண்ட இன்னும் முட்டியளவு தண்ணி நிக்குதும்மா. நான் ரெடி, லேத்து ரெடி. எறும்பு ரெடி இல்லன்றாங்க. படிச்ச புள்ள நீ, பாத்துக்கினே இருக்கியே?"

அன்று மாலை அவள் சாமியார் தொட்ட பழைய அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

மறுநாள் எறும்பானந்தர் இரண்டாம் முறை எழுந்தருளினார். முதலாளிகளும் தொழிலாளர்களும் சுற்றி நின்றார்கள். சுகிர்தா புது அட்டைகளோடு ஒரு ஜோடி ரப்பர் கையுறையையும் நீட்டினாள்.

"இங்க கிளவுஸ் இல்லாம எதையும் தொடக் கூடாது சாமி. கம்பெனி ரூல்."

"ஆசிக்குக் கிளவுஸா? தெய்வ குத்தம்!"

"ஏன், ரப்பருக்குள்ள தெய்வம் நுழையாதா?" என்றார் யேசுதாஸ்.

கூட்டம் சிரித்தது. ராஜமாணிக்கத்துக்கே ஆவல் வந்துவிட்டது. "போட்டுக்கோங்க சாமி. இன்னா இப்போ?"

போட்டுக்கொண்டார். தொட்டார். எறும்புகள் திக்குக்கு ஒன்றாக அலைந்தன. ஒன்று லேப்டாப் பையில் ஏறிப் படுத்துக்கொண்டது.

"அதுங்க கோவத்துல இருக்குது" என்றார் மகான்.

"சரி, கிளவுஸக் கழட்டிட்டு இது ஒண்ண மட்டும் தொடுங்க. கட்டைவிரலால." சுகிர்தா ஓர் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

சாமியார் சுண்டுவிரலை நீட்டினார். "கட்டைவிரலு! கட்டைவிரலு!" என்று கூட்டம் கத்தியது. வேறு வழியில்லாமல் தொட்டார். அலைந்துகொண்டிருந்த எறும்புகள் மொத்தமும் அதன்மேல் பாய்ந்தன. சுகிர்தா அட்டையைத் திருப்பினாள். ஓர் எழுத்துகூட இல்லை, வெறும் அட்டை.

"சார், இதுக்குத்தான் முதல் இடம். இன்னா செய்யலாம்?"

யேசுதாஸ் மகானின் கையைப் பிடித்துக் கட்டைவிரலை மோந்து பார்த்தார். "யோவ், வெல்லப்பாகுயா!"

"நான் அப்பவே நெனச்சேன்" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டே முதலாளிகள் செருப்பைத் தேடினார்கள். கேட் வியாபாரி தேடக்கூட இல்லை, வெறுங்காலோடே போய்விட்டார். அன்றைக்கே லேத் லைன் ஓடியது. மூன்றாம் நாள் பம்புத் தண்டுகள் லாரி ஏறின.

திங்கட்கிழமை சுகிர்தா வேலைக்கு வந்தாள். அவள் கம்ப்யூட்டருக்கு மாலை, திரையில் குங்குமம். எதிரே ராஜமாணிக்கம் சூடத்தட்டோடு நின்றார்.

"நெஜமான எறும்பு இதுக்குள்ளதான் கீதும்மா!"

அவள் சூடத்தை ஊதி அணைத்தாள். திரையைத் துடைத்தாள். அச்செடுத்த பட்டியலை அவர் கையில் கொடுத்தாள்.

"நான் ஒரு நம்பரத் தப்பா குடுத்தா இதுவும் தப்பாதான் சொல்லும் சார். கும்பிடக் கண்ண மூடுனா போதும். சரிபாக்கணும்னா தொறக்கணும்."

ராஜமாணிக்கம் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். வாங்கிய நாளிலிருந்து அது இழுப்பறையிலேயே கிடந்ததாம், உறை பிரிக்காமல்.

உங்களுடையது எங்கே கிடக்கிறது?