மொரிபாவின் வேட்டைச் சட்டை

"சோப்புப் போட்டீங்களா?"

"கொஞ்சம்தான் வாசா, ஒரு சின்ன..."

"வேட்டைச் சட்டைக்கா? எங்கப்பா சட்டைக்கா?"

"நாத்தம் அடிச்சுது, அதான்..."

"நாத்தமா? அது காடு! எங்கப்பா ஆயுசு பூரா அந்தத் துணியில சேர்த்து வெச்ச காடு! அதைத் தொட்டியில முக்கி, பிழிஞ்சு, உதறி, கொடியில போட்டுட்டு வந்து நிக்கிறீங்க!"

இரண்டு பேரும் கொடியைப் பார்த்தார்கள். நேற்றுவரை ஆற்றுச் சேறு போலக் கறுத்திருந்த சட்டை, பேயைக் கண்டவன் முகம் மாதிரி வெளுத்துத் தொங்கியது. வெயிலில் காற்றே நெளிந்தது. சட்டையும் நெளிந்தது. அதன் பின்னால் நின்ற ஆடு, தரையை விட்டு ஒரு சாண் மேலே மிதப்பது போலிருந்தது.

மொரிபா சைக்கிள் ரிப்பேர் செய்கிறவன். பஞ்சர் ஒட்டுவான், செயின் மாட்டுவான், கோணிய சக்கரத்தை நிமிர்த்துவான். வேட்டைக்காரர் மகளைக் கட்டிக்கொண்டானே தவிர, வேட்டைச் சட்டை தண்ணீரைப் பார்க்கக் கூடாது என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மாமனார் போன பிறகு வேட்டைக்காரர் கூட்டத்தில் ஓர் இடம் காலி. அது மருமகனுக்குத்தான் என்று வாசா சந்தையில் கருவாட்டுக்காரியிலிருந்து மண்பானைக்காரி வரை சொல்லி முடித்துவிட்டாள். வியாழக்கிழமை விடியலில் கூட்டம் காட்டுக்குப் போகிறது. அதற்குள் மொரிபா தேறாவிட்டால் அந்த இடம் வாசாவின் சித்தப்பா மகனுக்குப் போய்விடும். அவனோ, தும்மினாலும் நாலு ஊருக்குச் சொல்லுகிற ஆள்.

"அவன் அந்த இடத்துல உக்கார்றதைப் பார்த்துக்கிட்டு என்னால களி கிண்ட முடியாது" என்றாள் வாசா. "போங்க. இப்படியே கொண்டுபோய்ப் பெரியவர்கிட்டக் காட்டுங்க. என்ன சொல்றாரோ பார்ப்போம்."

வேட்டைக்காரர் தலைவர் சிரிமான், ஊர்க்கோடி ஷியா மரத்து நிழலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் கூட்டத்தின் பாட்டுக்காரர் மாம்பி, சுரைக்குடுக்கை யாழை மடியில் வைத்து, ஈ ஓட்டுகிற மாதிரி ஒவ்வொரு நரம்பாகத் தட்டிக்கொண்டிருந்தார். புதிதாகச் சேருகிறவனிடம் சிரிமான் துப்பாக்கியைப் பார்க்க மாட்டார். குறி பார்க்கச் சொல்லவும் மாட்டார். சட்டையைத்தான் பார்ப்பார்.

பார்த்தார்.

"மின்னுதேடா."

"துவைச்சுட்டேன் ஐயா. தெரியாம."

"வெள்ளையா மின்னினா ஊர்லேருந்தே தெரியுமே."

"மிருகத்துக்கா ஐயா?"

"கண்ணு இருக்கிற எல்லாத்துக்கும். மண்ணோட மண்ணா இருக்கணும். பக்கத்துல வந்து நின்னாலும் ஆள் இருக்கிறது தெரியக் கூடாது."

மொரிபா நெஞ்சில் குறித்துக்கொண்டான். திரும்பி வரும் வழியிலேயே அவன் மனதுக்குள் மண்ணோடு மண்ணாகிவிட்டான். மூன்றெட்டு தூரத்தில் ஒரு பெரிய மான் தன்னைக் கவனிக்காமல் புல் மேய்வதாகக் கண்டான். மான் நிமிர்ந்து, "இங்கே யாருமில்லை" என்று சொல்லிவிட்டு மேய்ந்தது.

வாசா இலைகளை வேகவைத்த சாற்றில் சட்டையை முக்கினாள். ஆற்றில் தண்ணீர் வற்றி, அடியில் கிடந்த சேறு அல்வாப் பதத்தில் இருந்தது. அதை அள்ளி அப்பினாள். கோபத்தில் ஒரு கை கூடுதலாகவே அப்பினாள். வெயில் தன் வேலையைச் செய்தது. மறுநாள் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்தபோது அது மடங்கவில்லை. சுவரில் சாய்த்து வைத்தார்கள், நின்றது.

"இதுக்குள்ள எப்படி வாசா நுழையறது?"

"எங்கப்பா நுழையலையா?"

"அவர் நுழைஞ்சது துணி. இது கதவு."

கதவை மாட்டிக்கொண்டு கைகளை அகட்டியபடி மொரிபா ஊர் நடுவே நடந்தான். கோழிகள் ஒதுங்கின. சிரிமான் விரலால் அவன் மார்பில் தட்டினார். டொக் டொக்கென்றது.

"குனி."

"முடியல ஐயா."

"சாய்."

"சாஞ்சா உடையும் ஐயா."

"அப்ப வேட்டை முழுக்க நின்னுக்கிட்டேதான் இருப்பியா?"

"இருப்பேன் ஐயா! எத்தனை நேரம் வேணும்னாலும்!"

சிரிமான் மாம்பியைப் பார்த்தார். மாம்பி யாழைப் பார்த்தார். "பாவம், வீரன்" என்றார் மாம்பி.

மிச்சமிருந்தது ஒரே நாள். பஞ்சு போல மெல்லிய கைத்தறித் துணியை எடுத்துக்கொண்டு தையல்காரன் லான்சினேயிடம் ஓடினான் மொரிபா. லான்சினே கேய்த்தா குலம்; மொரிபா கூலிபாலி குலம். இரண்டுக்கும் கேலி முறை; கூலிபாலிக்காரனைப் பயறு தின்னி என்பது அதில் முதல் கேலி. ஒருவன் என்ன சொன்னாலும், என்ன செய்தாலும் மற்றவன் கோபிக்கக் கூடாது. கோபித்தவனை அவன் பெற்ற தாயே சேர்க்க மாட்டாள்.

"வாடா பயறு தின்னி! உனக்கு வேட்டைச் சட்டையா? பயத்தங்காயை ஓட ஓட விரட்டிச் சுடப் போறியா?"

"மச்சான், இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வேணும். மெலிசா, காத்தோட்டமா. அக்குள்ல நல்லா இடம் விட்டு."

"தாயத்துப் பை?"

"அது வேணுமா?"

"தாயத்தில்லாத வேட்டைச் சட்டையா? பார்க்கிறவன் உன்னைச் சமையல்காரன்னு நினைப்பான். போ, என் கைக்கு விடு."

சட்டை பிரமாதமாக வந்தது. மார்பிலும் முதுகிலும் வரிசை வரிசையாகத் தோல் பைகள். போட்டுப் பார்த்த மொரிபா கண்ணாடியில் தன் மாமனாரையே கண்டான். ஓரடி எடுத்து வைத்தான். கலகலவென்றது. நின்றான். நின்றது. மூச்சு விட்டான். கலகல.

"பைக்குள்ள என்னடா மச்சான்?"

"உன் குலதெய்வம்."

ஒரு பையைப் பிதுக்கினான். காய்ந்த பயறு! இருபது பையிலும் பயறு. லான்சினே தையல் இயந்திரத்தின் மேலேயே கவிழ்ந்து கண்ணீர் வரச் சிரித்தான். மொரிபாவின் காது மடல் கொதித்தது. ஆனால் முறை முறைதான். அவனும் பல்லைக் காட்டிச் சிரித்துவைத்தான். பைகளைப் பிரிக்க நேரமில்லை. இருட்டுவதற்குள் பெரியவரிடம் காட்டியாக வேண்டும்.

சிரிமான் கண்ணை மூடிக் கேட்டார்.

"நடந்தா சத்தம். நின்னா சத்தம். மூச்சு விட்டாக்கூடச் சத்தம். உன் ஒருத்தனால மத்த ஏழு பேருக்கும் இடைஞ்சல்டா."

"சத்தம் கேட்டா எல்லாம் ஓடிடும். புரியுது ஐயா."

"முதுகுல வேற முடிச்சு முடிச்சா... உனக்கு உறுத்தாது?"

"வேட்டைன்னு வந்துட்டா உறுத்தலைப் பார்க்க முடியுமா ஐயா?"

சிரிமான் பெருமூச்சு விட்டார். "தம்பி, உன்கிட்ட ஆர்வம் ரொம்ப இருக்கு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. விடியக்காலை வா. அப்பவும் சரியில்லைன்னா, வாசா சித்தப்பா மகனைத்தான் கூட்டிக்கிட்டுப் போகணும். அவனோ வாயை மூட மாட்டான்."

வீட்டில் வாசா கத்தரிக்கோலை எடுத்தாள். பைகளை ஒவ்வொன்றாக அறுத்தாள்; பயறு சட்டிக்குப் போனது. துணியை இலைச் சாற்றில் மட்டும் ஒருமுறை முக்கி எடுத்தாள். சேறு இல்லை, தாயத்து இல்லை, ஒன்றுமே இல்லை. காய்ந்த இலையின் நிறத்தில், தொட்டால் விரலில் ஒட்டாத மாதிரி மெத்தென்று கிடந்தது.

"இது சட்டையே இல்லை. வெறும் துணி" என்றான் மொரிபா.

வாசாவின் குரல் முதல்முறையாகத் தணிந்தது. "எங்கப்பா காட்டுலேருந்து வந்தா அவர் முகத்தைப் பார்க்கணும் நீங்க. பச்சைக் குழந்தை முகம் மாதிரி இருக்கும். பாதி நாள் வெறுங்கையோடதான் வருவார். 'காடு குடுக்கலம்மா'ன்னு சொல்வார். அந்த முகத்தோட நீங்களும் ஒருநாள் வரணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

விடியலில் சிரிமான் அந்தச் சட்டையை விரல்களுக்கிடையே உருட்டினார். கசக்கினார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"ம். இது சட்டை" என்றார். "வா."

மொரிபாவின் கால் அதன் பிறகு தரையில் படவில்லை. எட்டுப் பேரும் வரிசையாக நடந்தார்கள். ஊரின் சேவல் குரல் தேய்ந்தது. உலக்கைச் சத்தம் தேய்ந்தது. வெயில் ஏற ஏறக் காடு கண்ணாடிக்குள் இருப்பது போல ஆடியது. ஒரு பெரிய மரத்தடியில் வந்ததும் சிரிமான் கையைத் தூக்கினார். எல்லாரும் நின்றார்கள். துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகக் கிளையில் மாட்டினார்கள். துப்பாக்கி மருந்து வாசனை போகட்டும் என்பதற்காக இருக்கும் என்று மொரிபா தன்னுடையதையும் மாட்டினான். மாம்பி யாழை எடுத்து, கேட்டும் கேட்காமலும் வாசித்தார். மிருகத்தை மயக்குகிற ராகம்! மொரிபாவுக்குப் புல்லரித்தது.

பிறகு ஒருவர் பின் ஒருவராகத் தரையில் படுத்தார்கள். காதை மண்ணில் வைத்துக் குளம்புச் சத்தம் கேட்கிறார்கள் என்பதை மொரிபா உடனே புரிந்துகொண்டான். அவனும் படுத்தான். காதை அழுத்தினான். மூச்சை அடக்கினான். இலைகளுக்கு நடுவே வெயில் துளித்துளியாக விழுந்து அவன் சட்டையில் நீந்தியது. தூரத்தில் அந்த மான் வந்து நின்று, கொட்டாவி விட்டது. இமை தானாக இறங்கியது. பதறி விழித்தான். முதல் வேட்டையிலேயே கண் அசந்தால் வாசாவின் மானம் என்ன ஆவது? தொடையைக் கிள்ளிக்கொண்டான். மறுபடி காதை வைத்தான். எங்கோ 'குர்ர்' என்றது.

யாழை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு பக்கத்தில் கிடந்த மாம்பியின் தோளை அவன் விரலால் தொட்டான்.

"அண்ணே, என்னமோ உறுமுது! காட்டுப்பன்னியா? துப்பாக்கியை எடுக்கவா?"

மாம்பி கண்ணைத் திறக்கவில்லை.

"அது சிரிமானோட குறட்டைடா. பேசாமப் படு தம்பி, நாங்கள்லாம் வீட்டுல மத்தியானம் ஒரு கண்ணு தூங்க விடலைன்னுதானே வேட்டைக்காரங்களா ஆனோம்."