ஆறாம் அத்தியாயத்தில் ஓர் ஏரி

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம்; என் முழங்கால் மட்டும் நலமில்லை, காரணம் கீழே வருகிறது. அங்கே நீ, மாப்பிள்ளை, நீ எழுதி முடித்த குழந்தைகள் புத்தகம், மூவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

புத்தகத்துக்குப் படம் போட வேறு ஆள் இருந்தும், "நாடுகளோட வரைபடம் மட்டும் நீதான் போடணும்ண்ணா" என்று நீ கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நில அளவையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன் நான். இருப்பதை அளந்தேன், அளந்ததை வரைந்தேன். என் இஷ்டத்துக்கு ஒரு புதரைக்கூட நட்டதில்லை. ஆகவே தூங்குமலை நாடு, பொத்தான் கடல், கண்ணாடிக் கோட்டை எல்லாவற்றையும் உன் கதையில் உள்ளபடியே, எல்லைக்கல் உட்பட, போன வாரமே முடித்துவிட்டேன்.

மை காயட்டும் என்று சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்ததில் வந்தது வினை. உன் அண்ணி அதன் மேல் டீ டம்ளரை வைத்துவிட்டாள். வைத்தவள் பதறவாவது செய்தாளா? "எங்க பாத்தாலும் கோடும் கல்லுமா இருக்கு, ஒரு சொட்டுத் தண்ணியாவது இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள். ரப்பரால் தேய்த்தேன், கறை போகவில்லை, காகிதம்தான் மெலிந்தது. சரி, வட்டமாகத்தானே இருக்கிறது, ஏரியாக்கிவிடலாம் என்று நீல மை பூசினேன். அதோடு விட்டிருக்கலாம். என் போதாத காலம், மாடி வீட்டு ஓய்வுபெற்ற குடிநீர் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, "ஏரி சரி சார், தண்ணி எங்கேருந்து வருது, எங்க போகுது? இப்படியே விட்டா முதல் மழைக்கே கரை உடைஞ்சிடும்" என்றார். இல்லாத நாட்டில் இல்லாத ஏரி உடைந்தால் இவருக்கென்ன என்று வாய்வரை வந்தது, ஆனால் மனசு கேட்கவில்லை. தூங்குமலையிலிருந்து ஓர் ஆற்றை இறக்கி ஏரியில் விட்டு, ஏரியிலிருந்து பொத்தான் கடலுக்கு அனுப்பினேன். அனுப்பிய பிறகு பார்த்தால் ஆறு கோட்டைச் சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. உன் ஆறாம் அத்தியாயத்திலோ அந்தச் சின்னப் பெண்ணும் ஆட்டுக்குட்டியும் கால் நனையாமல் கோட்டைக்கு நடந்து போகிறார்கள். சுற்றுவழியில் போனால் எவ்வளவு நாளாகும் என்று தெரிந்துகொள்ள, குழந்தை நடையாகச் சின்னச் சின்ன அடி வைத்து, கூடத்துக்கும் சமையலறைக்குமாக எண்ணி எண்ணி நடந்தேன். பதினொரு நாள் என்று கணக்குச் சரியாக வந்த சந்தோஷத்தில் செருப்பு ஸ்டாண்டில் மோதி விழுந்தேன். முழங்கால் கதை இதுதான். பாலம் போடலாமென்றால் இன்ஜினியர் தூண் எத்தனை என்று கேட்கிறார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஏரி இல்லாமல் புதிதாக ஒரு படம் போட எனக்கு ஒரு பகல் போதும். ஆனால் என் வாழ்நாளில் நானாகப் போட்ட தண்ணீர் இது ஒன்றுதான். அழிக்கக் கை வரவில்லை. நீ ஆறாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு படகு விட்டால் ஏரி பிழைத்துக்கொள்ளும். இருந்தாலும் கதை உன்னுடையது. அச்சகத்து ஆள் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைதான் வருகிறார். அதற்குள் வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் போதும், மறுபேச்சில்லாமல் வேறு படம் போட்டுக் கொடுத்துவிடுவேன். உன் பதில் வரும்வரை இந்த வரைபடம் வீட்டு வாசலைத் தாண்டாது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீ எழுத எழுதக் கதை ஊற வேண்டும், படிக்கிற பிள்ளைகள் தூங்க மறுக்க வேண்டும் என்று வாழ்த்துகிற

உன் அண்ணன்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் அண்ணி வந்து சொல்கிறாள்: அச்சகத்து ஆள் சொன்ன நாளுக்கு முன்னதாக இன்றைக்கே வந்தாராம். நான் உள்ளே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் வரைபடத்தைக் கொடுத்தனுப்பிவிட்டாளாம். ஏன் என்று கேட்டால், "நீங்க ரெண்டு பேரும் லெட்டர் போட்டுப் பேசி முடிக்கிறதுக்குள்ள குழந்தைங்க வளந்துடும்" என்கிறாள். கொடுப்பதற்கு முன் ஏரிக்கரையில் என் பேனாவால் சின்னதாக ஒரு வீடு வேறு வரைந்திருக்கிறாள். யார் வீடு என்று கேட்டேன். "வாசல்ல ரெண்டு நாற்காலி போட்டிருக்கேனே. நம்ம வீடுதான்" என்றாள். ஆகவே மேலே உன்னிடம் கேட்ட அனுமதியெல்லாம் ரத்து. படகை விட்டே ஆக வேண்டும். கரையில் இறங்கியதும் அந்தப் பெண்ணும் ஆட்டுக்குட்டியும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும். நாங்கள் வீட்டில்தான் இருப்போம்.