மாப்பிள்ளை வைத்துவிட்டுப் போன பாட்டில்

கீழ்வேளூர்,
சித்திரை மாதம், வெயில் தாழாத பிற்பகல்.

எல்லாச் செல்வமும் பெற்று அயர்லாந்துக் குளிரில் வாழும் மாப்பிள்ளை இளஞ்செழியன் அவர்களுக்கு, மாமனார் துரைராசு ஆசி கூறி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை நாகம்மாளும், வெயிலைக் கணக்கில் சேர்க்காவிட்டால், சுகம். அங்கே நீங்களும் வானதியும் அதேபோல் இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நீங்கள் நினைக்கலாம். போனில் பேசினால் உங்கள் அத்தை ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் உங்களுக்கு முன்னால் என் மகள் படித்துவிடுகிறாள். ஆகவே உங்கள் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

விஷயம், நீங்கள் பொங்கலுக்கு வந்திருந்தபோது மாடியில் திறந்து, கொஞ்சம் குடித்துப் பார்த்துவிட்டு, என் பீரோவில் வேட்டிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போன டெக்கீலா பாட்டிலைப் பற்றியது. 'மாமா, சித்திரை வெயிலுக்கு இதை எலுமிச்சை புழிஞ்சு கலந்து குடிச்சுப் பாருங்க, உடம்பு குளுந்துடும்' என்று சொல்லிவிட்டுப் போய், செய்முறையையும் பேசி அனுப்பியிருந்தீர்கள். அது மெக்சிகோவில் விளையும் ஒரு கற்றாழையிலிருந்து இறக்குவது என்றும் சொன்னீர்கள். பாட்டிலின் மேல் இருந்த படத்தைப் பார்த்தேன். நம் ஊர் ரயில் பாதை ஓரத்தில் ஆடு மாடு வராமல் இருக்க நட்டிருக்கும் ரயில் கற்றாழையேதான். பொதுப்பணித் துறையில் மதகு மதகாக அலைந்த காலத்தில் என் வேட்டியை அது கிழித்திருக்கிறது, அதைக் குடிக்கலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் இதுவரை மதுவைத் தொட்டவனில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் மாப்பிள்ளை சொன்னதைச் செய்து பார்க்காமல் இருப்பது மரியாதையில்லை அல்லவா.

நேற்று மத்தியானம் உங்கள் அத்தை கோயிலுக்குப் போன சமயத்தில் ஆரம்பித்தேன். வீட்டில் எலுமிச்சை இல்லை. கொல்லையில் நாரத்தை காய்த்துக் கிடந்தது, அதுவும் புளிப்புதானே என்று பிழிந்தேன். ஆரஞ்சில் செய்த ஏதோ ஒரு மதுவும் ஒரு பங்கு சேர்க்கச் சொன்னீர்கள், அதற்கு எங்கே போவேன், பெட்டிக்கடையில் ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக் கரைத்தேன். ஐஸுக்கு மீன்கார உபைதுல்லாவை நிறுத்தினேன். 'எதுக்கு சார் ஐஸு, நீங்க இன்னைக்கு மீனே வாங்கலையே' என்று கேட்டுக்கொண்டே பெட்டியின் அடியிலிருந்து ஒரு கட்டி உடைத்துக் கொடுத்தான். பாட்டிலில் இருந்தது பார்க்க அசல் தண்ணீர் மாதிரியே இருந்தது, 'பாத்து ஏமாந்துடாதீங்க மாமா' என்று நீங்கள் எச்சரித்திருந்ததால் பயந்து பயந்துதான் ஊற்றினேன். குலுக்கச் சொன்னீர்களே என்று தூக்குச்சட்டியில் போட்டுக் குலுக்கியதில் மூடி கழன்று, கால்வாசி தினசரிக் காலண்டர் மேல் போய்விட்டது. மீதியை முகர்ந்து பார்த்தேன். வாளைமீன் வாடை அடித்தது. வெளிநாட்டுச் சரக்கு இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

இனிமேல்தான் உங்கள் செய்முறையில் உள்ள குறை. டம்ளர் விளிம்பில் நாரத்தையைத் தடவி, அதில் உப்பு ஒட்ட வைக்க வேண்டும் என்றீர்கள், ஒட்டவைத்தேன். வேதாரண்யத்துக் கல்லுப்பு. ஆனால் மாப்பிள்ளை, நாம் எல்லாரும் அண்ணாந்து குடிக்கிற ஜனங்கள். டம்ளரில் வாய் வைத்து எச்சில் பண்ணுவது நம் வீட்டில் வழக்கமில்லை, அந்த மெக்சிகோக்காரர்கள் இதை யோசிக்கவில்லை. நான் வழக்கப்படி டம்ளரைத் தூக்கி அண்ணாந்தேன். சரக்கு தொண்டைக்குள் போனது, உப்பு முழுவதும் வலது கண்ணுக்குள் போனது. நான் போட்ட கூச்சல் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும்போதே போதையும் ஏறிவிட்டது. காது சுட்டது, கால் தரையில் பாவவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கொல்லையில் இருந்த நாரத்தை மரம் இரண்டாகத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் இரண்டு சம்மந்திகள் வந்து நின்றார்கள். கண்ணைத் துடைத்தபின் ஒருவர்தான், உங்கள் அப்பா சாமிதுரை அவர்கள். கல்யாணத்தில் அவர் பக்கத்துப் பெரியவர்களை நாங்கள் இரண்டாம் பந்தியில் உட்காரவைத்ததிலிருந்து அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது நீங்கள் அறிந்ததே. முத்துப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து, கோயில் திருவிழாப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, நின்றபடியே கிளம்ப வந்திருக்கிறார். கூடவே, கோயிலிலிருந்து திரும்பிய உங்கள் அத்தையும் உள்ளே வந்தாள். வெயிலில் வந்தவருக்கு விசாரிப்பதற்கு முன்னால் குடிக்கக் கொடுக்க வேண்டும் என்பது அவள் சட்டம். நான் வாயைத் திறப்பதற்குள் தூக்குச்சட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, சொம்பில் ஊற்றி நீட்டிவிட்டாள். கடைத்தெரு மதுக்கடையை எடுக்கச் சொல்லிப் பந்தல் போட்டு உட்கார்ந்த மனிதர், மாப்பிள்ளை! உதட்டில் படாமல், மூக்கில் படாமல், அண்ணாந்து ஒரே மூச்சில் முழுச் சொம்பையும் இறக்கிவிட்டு, 'நாரத்தங்காயா, நல்லாருக்கும்மா' என்றார்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பிறகு மதகு திறந்த மாதிரி பேச ஆரம்பித்தார்.

'சம்மந்தி, பந்தி விஷயத்தை நான் எப்பவோ மறந்துட்டேன். என் மனசுல கெடக்குறது வேற. எம் புள்ள உங்ககிட்ட அரைமணி நேரம் பேசுறானாம், அவங்கம்மா சொன்னா. எங்கிட்ட, நல்லாருக்கீங்களாப்பா, அம்மாட்ட குடுங்க, அவ்வளவுதான். நானும் குடுத்துட்டுப் பக்கத்துலயே நிக்கிறேன். சாப்புட்டியாப்பா, அங்க குளிரு தாங்குதான்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வருது. அதுக்குள்ள போனு கைமாறிடுது.'

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் காலண்டரைப் பார்த்தேன். போகும்போது என் கையைப் பிடித்து, 'இதைப் போய் அவங்கிட்ட சொல்லிடாதீங்க' என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே மாப்பிள்ளை அவர்கள் செய்ய வேண்டியது இதுதான். அவர் சொன்னது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், அது ரயில் கற்றாழை பேசிய பேச்சு. நீங்கள் திடீரென்று அவரிடம் உருகிப் பேசினால், அன்றைக்கு என்ன உளறினோம், ஏன் உளறினோம் என்று யோசிப்பார். பந்தலில் உட்கார்ந்தவர் வயிற்றில் நம் வீட்டுச் சொம்பால் மது போனது தெரிந்தால் உயிரோடு இருக்க மாட்டார். எப்போதும் போல இரண்டு வார்த்தை பேசிவிட்டு, போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடவும். இரு குடும்பத்துக்கும் அதுவே நல்லது.

வானதிக்கு எங்கள் அன்பு. நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல், குறைவில்லாமல், சீக்கிரமே மழலைச் சத்தத்தோடு வாழ நம் குலதெய்வங்கள் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்,
கீ. துரைராசு

பின்குறிப்பு: கவரை ஒட்ட நான் பசை தேடிப் போன நேரத்தில் உங்கள் அத்தை கடிதத்தைப் படித்துவிட்டாள். படித்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். நீங்கள் ஊருக்குப் போன மறுநாளே பாட்டிலில் இருந்ததை முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி மேல் ஊற்றிவிட்டு, பம்புசெட் தண்ணீரைப் பிடித்து மூடி வைத்தாளாம். 'மாப்பிள்ளை வச்சுட்டுப் போன பொருளைத் தூக்கிப் போடவும் முடியாது, உள்ள இருக்குறதை வீட்டுல வச்சுக்கவும் முடியாது, அதான் பாட்டிலை மட்டும் வச்சுக்கிட்டேன்' என்கிறாள். பூச்சி ஒன்றும் சாகவில்லையாம். வாளைமீன் வாடை உபைதுல்லாவின் ஐஸ். மரம் இரண்டாகத் தெரிந்தது உப்பு. என் கால் ஏன் பாவவில்லை என்று கேட்டதற்கு, 'அது உங்க பயம்' என்கிறாள்.

அப்படியானால் உங்கள் அப்பா குடித்தது நாரத்தங்காய்ச் சாறுதான். பேசியது அவரேதான். அழுததும் அவரேதான். மேலே நான் செய்யச் சொன்னதை அடித்துவிடவும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அவர் எடுத்தால், அவரிடமே பேசிக்கொண்டிருக்கவும். 'அம்மாட்ட குடுங்க' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மாப்பிள்ளை.