நாலு சக்கரம் வைத்த அறை

பாமாகோ நகரத்தில் எனக்கென்று ஒரே ஒரு அறைதான் இருந்தது. அதற்கு நாலு சக்கரம் உண்டு.

வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். ஒரே முற்றம். அதைச் சுற்றி என் இரண்டு அண்ணன்மார், அவர்கள் மனைவிமார், பிள்ளைகள், தூக்கமே வராத ஒரு சித்தப்பா. மொத்தம் பதினெட்டுப் பேர். நான் என் மனைவி மினாத்தாவின் காதருகே போய் "தலை வலிக்குது" என்று ரகசியமாகச் சொன்னால், முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து சித்தப்பா "வெந்நீர் குடி" என்பார். அவளிடம் ஒரு நல்ல வார்த்தை பேச வேண்டுமானால் காலை ஏழு மணி வரை காத்திருக்க வேண்டும். ஏழு மணிக்கு என் பழைய கார் கிளம்பும். ஆற்றுக்குத் தென்கரையில் வீடு. வடகரையில் அவள் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடமும் என் ஆபீஸும். நடுவில் பாலம். பாலத்தில் நெரிசல். முக்கால் மணி நேரம் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

வறுத்த நிலக்கடலையை உடைத்து என் உள்ளங்கையில் வைப்பாள். தலைமை ஆசிரியர் எப்படி மூக்கை உறிஞ்சுவார் என்று செய்து காட்டுவாள். வீட்டில் அவளுக்கு ஒரு குரல், காரில் வேறொரு குரல். அந்த இரண்டாவது குரலைக் கேட்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான். 

அந்த அறையை நானே இடித்தேன். வாயால்.

என் பெயர் சுமானா. குலப்பெயர் ஜாரா. எங்கள் மொழியில் ஜாரா என்றால் சிங்கம். வீட்டில் நான் பூனை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் குலப்பெயர் ஞாபகம் வந்துவிடும். எவனாவது குறுக்கே வந்துவிட்டால் அவன், அவன் அப்பன், அவன் வண்டியைச் செய்த கம்பெனி, எல்லாரையும் விசாரிப்பேன். மற்றவர்கள் ஹாரன் அடிப்பார்கள். நான் ஹாரன் மேல் குடியிருந்தேன்.

ஒரு நாள் ஆள் ஏற்றிப் போகும் பச்சை வேன் ஒன்று என் மூக்கை உரசிக்கொண்டு உள்ளே நுழைந்தது. விடுவேனா? துரத்தினேன். இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது. பாலத்தின் நடுவில் அவன் சட்டென்று நிற்க, நானும் நிற்க, மினாத்தா மடியில் வைத்திருந்த நிலக்கடலைக் குழம்புப் பானை மட்டும் நிற்கவில்லை. முந்தின நாள்தான் தையற்காரர் கொடுத்த புது நீல உடுப்பு. கஞ்சி போட்டுப் பளபளவென்று இருந்தது. குழம்பு கழுத்திலிருந்து கால் வரை இறங்கியது.

"நிறுத்துங்க."

"நின்னுதான் இருக்கு. இரு, அவன ஒரு கை..."

"கதவத் தொறந்து விடுங்கன்னேன்."

இறங்கினாள். குழம்பைத் துடைக்கக்கூட இல்லை. இரண்டு வண்டிகளைத் தாண்டி நடந்து போய், நான் துரத்தின அதே வேனில் ஏறி உட்கார்ந்தாள். வேன்காரன் எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனான்.

மூன்று வாரம். அவள் வேனில், நான் காரில். பல நாள் அவள் வேனுக்குப் பின்னாலேயே போனேன். கண்ணாடி ஜன்னலில் அவள் தலைத்துணியின் முனை தெரியும். பழக்கத்தில் யாரையாவது திட்டிவிட்டுப் பக்கத்தில் திரும்பினால், "போதும்" என்று சொல்ல ஆளில்லை. தடுக்க ஆளில்லாமல் திட்டுவதில் ருசியே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

சித்தப்பா வேறு கேட்டார்: "அந்த சீட்டு சும்மாதான இருக்கு, நான் வரட்டுமாடா?"

"அது ரிப்பேர், சித்தப்பா."

ஆபீஸில் பக்காரி என்று ஒரு சிநேகிதன். என் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கறந்தான்.

"இதுக்கா இப்படி வாடிப் போயிட்ட? கோவத்துக்கு நம்ம ஊர்லயே மருந்து இருக்கே. எவன் சண்டைக்கு வந்தாலும் மொதல்ல குலப்பெயரக் கேளு."

வாஸ்தவம்தான். எங்கள் ஊரில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கேலிமுறைக் குலம் உண்டு. ஜாராவுக்கு ட்ராவோரே. கூலிபாலிக்குக் கெய்த்தா. முறையுள்ள இரண்டு பேர் மோதிக்கொண்டால் அடிக்க ஓங்கின கை முதுகில் தட்டிக்கொடுக்கத்தான் இறங்க வேண்டும். "பயறு தின்னி!" என்று ஒருவரை ஒருவர் வைது சிரிக்க வேண்டும். கோபித்துக்கொண்டால் முன்னோர்களுக்கே அவமானம். மினாத்தா ட்ராவோரே வீட்டுப் பெண். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பயறு தின்னி என்று அழைப்பதும் நான் பல்லைக் காட்டுவதும் இந்தச் சட்டப்படிதான்.

"ட்ராவோரே வந்தா சரி பக்காரி. வேற எவனாவது வந்தா?"

"அவன் பேர மொதல்ல சொல்ல வையி. அதுக்கு ஏத்த பேர நீ சொல்லு. பாலத்துல நின்னுக்கிட்டு எவன் உன் அடையாள அட்டையப் பாக்கப் போறான்?"

இப்படிப்பட்ட மூளை எங்கள் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கிறது. நாடு எப்படி உருப்படும்?

திங்கட்கிழமை ரொட்டி கொண்டு போகும் மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் என் கதவை உதைத்தான். பேர் கேட்டேன். கோனே என்றான். கோனேக்களுக்கும் ட்ராவோரேதான் கேலிமுறை. "அட பயறு தின்னி, நான் ட்ராவோரே!" என்றேன். உதைத்த இடத்தைத் தன் சட்டையால் துடைத்துவிட்டுப் போனான். செவ்வாய்க்கிழமை ஒரு லாரிக்காரன் எனக்கு வழி விட்டான். பாமாகோவில் லாரிக்காரன் வழி விட்டதைப் பார்த்தவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வியாழக்கிழமைக்குள் நான் நாலு குலத்தில் பிறந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் முற்றத்தில் மினாத்தா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போய் உட்கார்ந்தேன்.

"நான் திருந்திட்டேன்."

"எந்த மெக்கானிக் கடையில?"

"நெசமாத்தான் மினாத்தா. இந்த வாரம் ஒரு கெட்ட வார்த்தை பேசல."

"ஆமா, அவன் பேசல, நான் கேட்டுக்கிட்டுதான இருந்தேன்," என்று அந்தக் கோடியிலிருந்து சித்தப்பா சாட்சி சொன்னார். அவர் காரிலேயே ஏறினதில்லை.

மினாத்தா கீரைத் தண்டைக் கிள்ளிக்கொண்டே யோசித்தாள். "நாளைக்கு ஒரு நாள் வரேன். பரீட்சைன்னு வச்சுக்குங்க."

வெள்ளிக்கிழமை. அவள் முன் சீட்டில் ஏறினாள். கதவை அவள் சாத்தின சத்தம் எனக்குக் கல்யாண மேளம். பாலத்தில் ஏறுவதற்குள் ஒரு டாக்சி குறுக்கே புகுந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"ஏய்! உனக்கெல்லாம் எதுக்குடா காரு? கழுதை வண்டி ஓட்டு!"

நான் புன்னகை செய்தேன். பரீட்சையில் படித்த கேள்வி வந்த மாணவனின் புன்னகை.

"கோவம் அப்புறம் அண்ணே. குலப்பெயர் என்ன?"

"கெய்த்தா! என்ன இப்ப?"

"அட பயறு தின்னி! நான் கூலிபாலி! உன்ன யாருய்யா பயத்தம் பானைய விட்டு வெளிய விட்டது?"

டாக்சிக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். "கூலிபாலியா! காலையிலேயே நாலு தட்டு தின்னிருப்ப, அதான் வண்டி நகர மாட்டேங்குது!"

பெருமையோடு திரும்பினேன். மினாத்தா கதவோடு கதவாக ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க யாரு?"

"என்ன மினாத்தா?"

"நான் கட்டிக்கிட்டது ஜாராவ. முன்னப் பின்ன தெரியாத கூலிபாலிகூட ஒத்தக் கார்ல போறத ஊர்ல யாராவது பாத்தா என்ன பேசுவாங்க?"

"அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"அப்ப கல்யாணமும் ஒரு பேச்சுக்குத்தானா?"

பதில் தேடுகிற அவசரத்தில் ரவுண்டானா அருகே கோட்டைத் தாண்டிவிட்டேன். போலீஸ்காரர் விசில் ஊதினார். பரவாயில்லை, மருந்துதான் கையில் இருக்கிறதே.

"சார், உங்க குலப்பெயர் என்ன சார்?"

"சிதிபே. ஏன்?"

சிதிபேக்கள் மாடு மேய்க்கும் ஃபுலானிகள். அவர்களுக்குக் கொல்லர்கள் கேலிமுறை.

"நான் கந்தே சார்! கொல்லன் வீட்டுப் பிள்ளை! மாட்ட யார்கிட்ட விட்டுட்டு இங்க நின்னு விசில் ஊதுறீங்க?"

போலீஸ்காரர் முகத்தில் சிரிப்பு புறப்பட்டது. பாதி வழியில் இருந்தபோது அந்த டாக்சி பக்கத்தில் வந்து நின்றது.

"என்ன சார், நம்ம கூலிபாலியப் புடிச்சிட்டீங்களா?"

சிரிப்பு நின்றது. பின்னாலிருந்து ரொட்டிக் கூடையோடு மோட்டார் சைக்கிள் வந்தது.

"அட, நம்ம ட்ராவோரே!"

"ட்ராவோரேயா?" என்றாள் மினாத்தா. "அப்ப நீங்க எனக்கு அண்ணன் முறை!"

போலீஸ்காரர் கையை நீட்டினார். லைசென்சைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஜாரா." என் முகத்தைப் பார்த்தார். பின் சீட்டை எட்டிப் பார்த்தார். "மத்த மூணு பேரும் எங்க?"

 பெற்ற அப்பன் பெயரைப் பாலத்துக்குப் பாலம் மாற்றினவன் என்று ஊர் பூரா சொல்லுமே. அப்போது மினாத்தா என்னைத் தாண்டிக் குனிந்தாள்.

"சார், நான் மினாத்தா ட்ராவோரே. இது எங்க வீட்டுப் பயறு தின்னி. பயறு அதிகமாயிட்டா இதுக்குப் பேரு மறந்துடும். அசல் பேரு ஜாராதான், நான் சாட்சி. பாத்து விட்டுடுங்க."

போலீஸ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டாக்சி சிரித்தது, ரொட்டி சிரித்தது. லைசென்ஸ் திரும்பி வந்தது.

இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் பின்னால் ஒருவன் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. இடுப்பு வரைக்கும் ஜன்னல் வழியாக வெளியே போய் நான் என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அவன் குலப்பெயர் கேட்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டேன். மினாத்தா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள். "தெனமும் எவனையாவது முந்தி, அடிச்சுப் புடிச்சு, அஞ்சு நிமிஷம் முன்னாடி என்னைப் பள்ளிக்கூடத்துல எறக்கி விட்டீங்க. அந்த அஞ்சு நிமிஷத்த வச்சு என்ன செஞ்சீங்க?"

பள்ளிக்கூட வாசலில் நின்று அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதுதான் உண்மை. அதைச் சொல்வதற்குப் பதில் கியரை மாற்றினேன்.

"எனக்கும் அந்த வீட்ல பேச எடமில்ல," என்றாள். இரண்டாவது குரல். மூன்று வாரத்துக்குப் பிறகு கேட்கிறேன். "என்னைக்காவது ஒருத்தன் இரும்புக் கம்பியோட எறங்கி வருவான். ஒங்க மண்டைய ஒடச்சுட்டுப் போயிடுவான். அப்புறம் நான் யார்கூடப் பேசுறது? சித்தப்பாகூடவா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "திரும்பி வந்துடு மினாத்தா. என்ன நிபந்தனை வேணாலும் போடு."

"எதுவானாலும் சரியா?"

"எங்கப்பா மேல சத்தியம்."

"எந்த அப்பா? கூலிபாலியா, கந்தேயா?"

"ஜாரா! ஜாரா!"

"அப்ப ஒரே ஒரு நிபந்தனை. முன் சீட்ல யாரு உக்காரணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

இவ்வளவுதானா! உக்காரு தாயே, நூறு வருஷம் உக்காரு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த சீட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். குழம்புக் கறை போயிற்று. புது மெத்தை வாங்கிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரவு எனக்கும் சித்தப்பாவைப் போலத் தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. மினாத்தா வாசலுக்கு வந்தாள். பக்கத்தில், சாம்பிராணிக் கூடையோடு, ஆறடி உயரத்தில், அடுத்த தெருவில் குடியிருக்கும் என் மாமியார்.

"அம்மாவுக்குத்தான் பெரிய சந்தையில கடை இருக்கே," என்றாள். "பாவம், பத்து வருஷமா வேன்ல நின்னுக்கிட்டே போறாங்க. பெரியவங்க, முன்னாடி உக்காரட்டும். நான் பின்னாடி உக்காந்துக்குறேன்."

எங்கள் ஊரில் கேலிமுறைக்காரரிடம் எதை வேண்டுமானாலும் பேசலாம். மாமியார் முன்னால் எதையும் பேசக் கூடாது. குரலை உயர்த்தக் கூடாது, கேலி கூடாது, பொய் கூடாது. தும்மல் வந்தால்கூட அனுமதி கேட்டுத்தான் தும்ம வேண்டும். மாமியார் மெத்தையில் அமர்ந்து, கூடையை மடியில் வைத்து, "கெளம்புங்க மாப்ளே" என்றார்.

இரண்டு மாதம் ஆகிறது. வேன் குறுக்கே வந்தால் "போங்க தம்பி" என்கிறேன். மோட்டார் சைக்கிள் உரசினால் "அடி பட்டுடுச்சா ராசா?" என்கிறேன். பக்காரி தன் மருந்துதான் வேலை செய்தது என்று ஆபீஸ் பூராவும் சொல்லிக்கொண்டு திரிகிறான். மண்டை உடையவில்லை. மினாத்தா காரில் திரும்பி ஏறிவிட்டாள். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அவள் குரல் மட்டும் வீட்டுக் குரலாகவே இருக்கிறது. தன் அம்மா முன்னால் அவளுக்கும் வேறென்ன செய்ய முடியும்?

நேற்று பாலத்தின் நடுவில் எல்லா வண்டியும் நின்றுவிட்டது. மேலே இருக்கும் கண்ணாடியை மெல்லக் கொஞ்சம் சாய்த்தேன். நீலத் தலைத்துணி தெரிந்தது. அதன் கீழே இரண்டு கண்கள். அவை எனக்கு முன்பே அங்கே வந்து காத்துக்கொண்டிருந்தன. சத்தமில்லாமல் சிரித்தாள். முன்னால் வண்டிகள் நகர ஆரம்பித்தன, பின்னால் ஐம்பது பேர் ஹாரன் அடித்தார்கள். இந்த நெரிசல் சாயங்காலம் வரை தீரக் கூடாது என்று என் வாழ்நாளில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன்.

"கண்ணாடிய நேரா வைங்க மாப்ளே," என்றார் மாமியார். "ரோடு முன்னாடி இருக்கு."