ஓட்டில்லாத ஆணையர்

எங்கள் வீட்டை மாநகராட்சியாக அறிவித்துவிடுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தேன். சிரிக்காதீர்கள். ஓய்வு பெற்று இரண்டே மாதம் ஆன மனிதனுக்கு வேறு ஆயுதம் கிடையாது.

முப்பத்தோரு வருடம் மாநகராட்சியின் மன்றப் பிரிவில் உட்கார்ந்து, கூட்டத்தில் மற்றவர்கள் பேசியதையெல்லாம் எழுதினேன். நான் பேசியதை யாரும் எழுதியதில்லை. வீட்டிலும் அப்படித்தான். அந்தக் களைப்பு, எலும்புக்குள் போய்ப் பாய் விரித்துப் படுத்துக்கொண்ட களைப்பு. தூங்கித்தான் தீர்க்க வேண்டும். அதற்காக நான் பார்த்து வைத்திருந்தது பின்னறை. ஒரு கட்டில், ஒரு பெரிய ஜன்னல். கனத்த திரை ஒன்று போட்டால் மதியமே இருட்டிவிடும்.

என் மனைவிக்கும் அதே அறைதான் வேண்டும். திரை இல்லாமல்.

"ஏங்க, சமையலறை மூலையில மிஷினைப் போட்டு இருபது வருஷமா தைக்கிறேன். இப்பல்லாம் ஊசிக் காதே கண்ணுக்குத் தெரியல. எனக்கு வெளிச்சம் வேணும்."

"எனக்கு இருட்டு வேணும்."

"கண்ணை மூடினா இருட்டுதாங்க. எங்க வேணா மூடலாம்."

பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது. அதனால் ஆட்சிமுறையை மாற்றினேன். விதிகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

"இன்னியிலேர்ந்து இந்த வீடு ஒரு மாநகராட்சி. நான் மேயர்."

"மேயர்னா மேயறவர்தானே? பொருத்தம்தான். காலையிலேர்ந்து மூணு தடவை பிஸ்கட் டப்பா திறந்தாச்சு."

"நம்ம பொண்ணு மாமன்ற உறுப்பினர்."

மகள் பள்ளி ஆசிரியை. திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து நிமிராமலே, "எந்த வார்டுப்பா?" என்றாள்.

"மொத்த வீடும் ஒரே வார்டு."

"அப்போ நான்?" என்றாள் மனைவி.

"நீ ஆணையர். ஆணையே உன் பதவிப் பேர்லதான் இருக்கு, பாரு!"

இதுதான் என் தந்திரம். மாமன்றம் முடிவெடுக்கும், ஆணையர் அதைச் செய்து முடிப்பார். ஆனால் ஆணையருக்கு ஓட்டு கிடையாது. மிச்சம் இரண்டே ஓட்டு, மகளுடையதும் என்னுடையதும். சமமாகப் பிரிந்தால் மேயருக்கு இன்னொரு ஓட்டு. நான் தோற்க வழியே இல்லை.

"வேலையெல்லாம் எனக்கு, ஓட்டு மட்டும் இல்ல. அப்படித்தானே?"

"ஆமா."

"இத்தனை நாளா இருந்த மாதிரியேதான். சரிங்க."

அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பின்னறை விவகாரத்தை முதல் கூட்டத்திலேயே ஆய்வுக்குழுவுக்கு அனுப்பினேன். குழுத் தலைவர் நானே; அறிக்கை வரும்வரை அறை என் வசம். குழுவுக்குப் போன விஷயம் கடலில் போட்ட கல். ஒன்றுகூட மிதந்து வந்து நான் பார்த்ததில்லை. நகராட்சி என்று சும்மாவா பெயர்? நகராத ஆட்சி.

மூன்று நாள் பின்னறையில் தூங்கினேன். விழிக்கும்போது என்ன கிழமை, என்ன வயது என்றே தெரியாத தூக்கம்.

நான்காம் நாள் திரைத்துணி வாங்கிக்கொண்டு திரும்பினேன். என் கட்டில் கூடத்தில், வாசற்கதவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே கிடந்தது. பின்னறை ஜன்னலோரம் தையல் மிஷின். அதன் முன்னால் என் மனைவி.

"யாரைக் கேட்டு இதெல்லாம்?"

"அவசரப் பணிங்க. விதி ஒன்பது. பக்கத்து வீட்டு அக்காவும் ஒரு கை குடுத்தாங்க."

விதிகளை எழுதியவன் நான்தான். அலுவலகத்தில் பழகிய கை, நிறுத்தத் தெரியாமல் ஒன்பதாவது விதியையும் எழுதியிருந்தது: 'அவசரப் பணிகளை ஆணையர் உடனே முடித்துவிட்டு, மாமன்றத்தின் பின்னேற்பைப் பெறலாம்.' அதாவது, முதலில் செய்துவிடலாம், அனுமதி அப்புறம். ஊரில் பாதிப் பாலங்கள் அப்படிக் கட்டியவைதான்.

"இதுல என்ன அவசரம்?"

"நாளைக்கு நம்ம பொண்ணோட பள்ளிக்கூடத்துல நாடகம். முயலுக்கு இன்னும் ஒரு காது பாக்கி." என் கையிலிருந்த திரைத்துணியைத் தடவிப் பார்த்தாள். "பழுப்பா? மரத்துக்கு ஆகும்." வாங்கி வைத்துக்கொண்டாள்.

அங்கேயே அவசரக் கூட்டம் கூட்டினேன். பின்னேற்புக்கு ஆதரவாக மகள் கை தூக்கினாள். எதிர்த்து நான் தூக்கினேன். சமம். மேயரின் இன்னொரு ஓட்டுக்காக இன்னொரு கையையும் தூக்கினேன். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றது ஜெயித்தவன் மாதிரி இல்லை, சரணடைந்தவன் மாதிரி இருந்தது.

"பின்னேற்பு கிடையாது! மிஷின் சமையலறைக்குப் போகணும், கட்டில் இங்க வரணும். தீர்மானம் நிறைவேறியாச்சு!"

"ஆகட்டுங்க. யார் தூக்குறது?"

"செய்து முடிக்கிறது ஆணையர் பொறுப்பு."

"ஆணையர் கையில இப்போ முயல் இருக்கு. அடுத்து ஒரு ஆமை, ரெண்டு மரம். உங்க தீர்மானத்தையும் வரிசையில வச்சிருக்கேன்."

"வரிசை எப்போ வரும்?"

"இந்த அறையைப் பத்தி ஆய்வுக்குழு அறிக்கை வரட்டுங்க. குழுத் தலைவர் யாரு?"

"நீங்கதான்ப்பா," என்றாள் மகள்.

இருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். ஜன்னல் வெளிச்சத்தில் என் மனைவி ஒரே முயற்சியில் ஊசியில் நூல் கோத்தாள். கோத்துவிட்டு ஒரு கணம் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் குரல் பாதி இறங்கிவிட்டது. தீர்மானம் என்றால் மானம் தீர்வது என்று அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் பதவிக்கென்று ஒரு மிடுக்கு வேண்டாமா?

"இது ஜனநாயகப் படுகொலை! நான் வெளிநடப்புச் செய்கிறேன்!" என்று வாசலை நோக்கி நடந்தேன்.

"வெளிய நடக்குறதுன்னு ஆயிடுச்சு," என்றாள், மிஷினை மிதித்தபடியே. "அப்படியே கடை வரைக்கும் நடந்து, ரெண்டு வெள்ளை நூல்கண்டு வாங்கிட்டு வந்துடுங்க."